காலியாகத் தெரிந்த கட்டம்

இதை எனக்கு முதலில் சொன்னது எதிர் வீட்டு சாபிரா. போன நோன்பு மாதம் கஞ்சித் தூக்கைக் கொடுக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்று சொன்னாள். நடந்தது அவள் மகள் நவ்ரீனுக்கு. மற்றவர்கள் பேரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்களுக்கு இங்கே இருப்பது நான் வைத்த பேர்.

நவ்ரீன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். திருவொற்றியூரில் ஒரு தர்ம மருந்தகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே செயலாளர் ராமதாஸ் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல நோயாளி படிவத்தத் தொறந்தா பேரு வருது, வயசு வருது. இன்னா நோய்ன்ற கட்டம் மட்டும் காலி. புது டாக்டரு கேக்குறாரு, நான் இன்னா பதில் சொல்றது? எல்லாம் இந்தம்மா கைங்கரியம்."

கவுன்டரில் பதிவு போடும் ஜெயக்கொடி தலையை நிமிர்த்தவில்லை. ஐம்பது வயது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

"அழிஞ்சி போயிருந்துச்சுன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வேற ஆளு" என்று சொல்லிவிட்டு அவர் உள் அறைக்குப் போனார்.

நவ்ரீன் முதலில் உள்ளே இருக்கும் பட்டியலைத் திறந்தாள். ஆயிரத்துச் சொச்சம் பேர். எல்லாருடைய நோயும் பத்திரமாக இருந்தது. பிறகு படிவத்தில் மட்டும் ஏன் தெரியவில்லை?

எழுத்தின் அளவை மாற்றினாள். திரையின் அமைப்பை மாற்றினாள். மூடித் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சும்மா ஒருமுறை அந்தக் கட்டத்தில் கிளிக் செய்தாள். 'சர்க்கரை' என்று கறுப்பாக எழுத்து வந்தது. வேறு இடத்தில் கிளிக் செய்தாள். போய்விட்டது.

பழுது இப்படி ஒழுங்காக வந்து போகுமா?

கட்டத்தின் அமைப்பைத் திறந்தாள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. கூடவே இரண்டு கட்டளைகள். கிளிக் செய்தால் மட்டும் கறுப்பாகு என்று ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டாம் எண் நோயாளி அட்டை என்றால் வெள்ளையாகு என்று இன்னொன்று.

"அக்கா, இது தானா ஆனது இல்ல. யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க."

"நான்தான் செஞ்சேன் பாப்பா" என்றாள் ஜெயக்கொடி, மெதுவாக.

"உங்களுக்கு யாருக்கா கத்துக் குடுத்தது?"

"யாரு குடுப்பா? ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். பதினஞ்சு நாளு ஆச்சு. ரெண்டு தபா மொத்த பொட்டியும் நின்னுபோச்சு."

"எதுக்கு?"

ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் காட்டினாள். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபடி, இதே படிவத்தைக் காட்டும் இன்னொரு திரை.

"அவங்கவங்க பேரு சரியா கீதான்னு பாத்துக்கட்டும்னு சாருதான் வெச்சாரு. பின்னால நிக்கிறவங்க நோயப் படிச்சிக்கினு கீறாங்க. படிச்சத வூடு வரைக்கும் எடுத்துக்கினு போறாங்க."

உள்ளேயிருந்து ராமதாஸ் வந்தார். "இன்னாம்மா, கண்டுபுடிச்சியா?"

"ஒண்ணும் அழியல சார். டாக்டருக்குத் தனிப் படிவம் போட்டுத் தரேன், அதுல எல்லாம் தெரியும். ஜன்னல் படிவத்துல நோய் தெரியாம இருக்கிறதுதான் நல்லது."

"நோய்னா எல்லாருக்கும் வர்றதுதான். மறைக்கிறதுக்கு இன்னா கீது? எங்க வூட்ல யாருக்குனா இருந்தா நான் மைக்கு வெச்சே சொல்லுவேன்."

"சொல்லுவீங்க சார்" என்றாள் ஜெயக்கொடி.

அவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். "சரி, டாக்டருக்குத் தெரிஞ்சா போதும். தப்பிச்ச நீ. இனிமே எதுலயும் கைய வெக்காத" என்று அவளிடம் விரலை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நவ்ரீன் திரும்பினாள். "ஏன்க்கா, வேலையே போயிருக்கும். அவர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

ஜெயக்கொடி கவுன்டரில் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அந்த நானூத்திப் பன்னெண்டுக்கு மட்டும் தனியா ஒண்ணு இருக்கே?"

"அதான் மொதல்ல செஞ்சது. ஒருத்தருக்கு மட்டும் காலியா இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும்னு அப்பறம்தான் தோணிச்சு. எல்லாருக்கும் போட்டுட்டேன்."

நவ்ரீன் அந்த எண்ணைத் தட்டினாள். ஜெயக்கொடி சட்டென்று எழுந்து போய் ஜன்னல் பக்கத் திரையை அணைத்தாள்.

பெயர்: குணசுந்தரி. கணவர் பெயர்: ராமதாஸ். கணவர் தொழில்: மருந்தகச் செயலாளர்.

"செவ்வாக்கெழம கோயிலுக்குன்னு கெளம்பி, நேரா இங்க வருவாங்க" என்றாள் ஜெயக்கொடி. "அவருக்குத் தெரிஞ்சா இன்னா பேச்சு பேசுவாரோன்னு பயம். கையப் புடிச்சிக்கினு அழுதாங்க."

நோய்க் கட்டம் வெள்ளையாக இருந்தது. நவ்ரீன் அதில் கிளிக் செய்யவில்லை. அந்த எண் இருந்த ஒரு கட்டளையை மட்டும் அழித்துவிட்டு, படிவத்தை மூடினாள்.

மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது, முன்னால் இருப்பவர் முறை வந்தால் நீங்களும் கொஞ்சம் தெருப்பக்கம் பாருங்கள்.