டிரைவர் சீட்டுக்கு மார்க்கு

எல்லாரும் சௌக்கியமா? இந்த வெயில்ல உடம்பைப் பார்த்துக்கறீங்களா?

நான் சொல்லப் போற பொண்ணுக்கு அன்னிக்கு வெயிலே தெரியலை. ஏசி ஹால்ல தான் நின்னுட்டிருந்தா.

கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஓட்டல். ஹால் நடுவுல ஒரு கார். பேர் இல்லை, முத்திரை இல்லை. இன்னும் கடைக்கே வராத கரண்டு வண்டி.

அதுல என்னென்ன இருக்கணும், என்ன விலை வைக்கணும்னு பாக்கறது தான் அவ வேலை.

வண்டியைச் சுத்தி ஆறு மில் முதலாளிங்க. கையில ஆளுக்கொரு தாள். எது எது பிடிச்சிருக்கோ, பத்துக்கு எத்தனைன்னு மார்க்கு போடணும்.

விலை ஒண்ணேகால் கோடிக்குள்ள நிக்கணும்னு கம்பெனியில உத்தரவு. மார்க்கு வாங்காததெல்லாம் வெளியே போயிடும்.

ஆறு பேரும் நேரா பின் கதவைத் தான் திறந்தாங்க.

பின் சீட்டு காலைப் பிடிச்சு விடும். முதுகை அமுக்கி விடும். நடுவுல குட்டி ஃபிரிட்ஜ் வேற.

"ஒண்ணேகால் கோடி குடுக்கறோம், ஸ்டார்ட் பண்ணா உறுமக் கூட மாட்டேங்குது?"ன்னு ஒருத்தர் குறைப்பட்டுக்கிட்டார். ஆனா பின் சீட்டுக்கு மட்டும் மார்க்கை அள்ளிப் போட்டார்.

முன்னாடி ஒருத்தரும் போகலை.

முன்னாடி, டிரைவர் சீட்டுக்குள்ள, ஒரு சின்ன ஃபேன் இருக்கு. முதுகுக்கு ஜில்லுன்னு காத்து விடும். மூணு மாசம் சண்டை போட்டு அவ வைக்கச் சொன்னது.

போன வருஷம் பூரா, பெரிய பெரிய காருங்க நிக்கற இடமாத் தேடிப் போய் நின்னு பார்த்தவ. இறங்கற டிரைவர் ஒவ்வொருத்தருக்கும் சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டிருக்கும். அதை அவளால மறக்க முடியலை.

"காசு குடுக்கறவன் உட்கார்ற இடமாம்மா அது?"ன்னு கேட்டார் அவ மேலதிகாரி வரதன். "சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது மார்க்கு போடட்டும். இல்லைன்னா தூக்கிடலாம்."

ஆறு தாளையும் வாங்கிப் பார்த்தா.

அந்த வரியில ஆறு முட்டை.

முதலாளிங்க சாப்பிடப் போனாங்க. இவ வெத்துத் தாளா ஆறு எடுத்துக்கிட்டு வெளியே ஓடினா.

வண்டி நிறுத்தற இடத்துல, தகரக் கூரைக்குக் கீழே, அந்த ஆறு பேரோட டிரைவருங்க உட்கார்ந்திருந்தாங்க. ஆளுக்கொரு பொட்டலம் பிரிச்சிருந்தாங்க.

"அண்ணா, நீங்களும் மார்க்கு போடுங்களேன்."

"நாங்க போட்டா எங்களுக்கே வண்டியைக் குடுத்துருவீங்களா அம்மிணி?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அப்புறம் சீட்டுக்குள்ள ஃபேன் இருக்கற விஷயத்தைச் சொன்னா.

சிரிப்பு நின்னு போச்சு.

காளியண்ணன்னு ஒருத்தர். செங்கோட்டுவேல் முதலாளிகிட்ட பதினெட்டு வருஷமா ஓட்டறவர். அவர் தாளைக் கையிலயே வாங்கலை.

"கரண்டு வண்டிங்களா இது?"

"ஆமாண்ணா."

"கியரு இல்லை, கிளச்சு இல்லை. மிதிச்சாப் போகும், விட்டா நிக்கும். அப்புடித்தானுங்க?"

"அப்படித்தான்."

"இப்ப சீட்டும் ஜில்லுன்னு இருந்தா, எங்க மொதலாளி எதுக்குங்க இன்னும் பின்னாடியே உட்காரோணும்?"

நீட்டியிருந்த தாளை அவ மடக்கிக்கிட்டா.

"முதுகு வெந்தா வெந்துட்டுப் போகுதுங்க. அந்தச் சீட்டை மட்டும் சொகுசாப் பண்ணிப்போடாதீங்க அம்மிணி. எங்க பொழப்பு அதுல தான் இருக்குது."

மத்த அஞ்சு பேரும் இலையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

ஒரு வருஷமா அத்தனை பேர் முதுகைப் பார்த்தாளே. ஒருத்தர்கிட்டயாவது உட்கார்ந்து பேசியிருப்பாளா?

இல்லை.

திரும்பி நடந்தா. போன உடனே அந்த வரியை அவளே அடிச்சுடறதுன்னு முடிவு பண்ணிட்டா.

ஹால் கதவைத் திறந்தா, வண்டியைச் சுத்திக் கூட்டம்.

செங்கோட்டுவேல் முன் சீட்டுல உட்கார்ந்திருக்கார். தொந்தி ஸ்டீயரிங்கை இடிக்குது. கண்ணு ரெண்டும் மூடியிருக்கு.

சாப்பாடு கொஞ்சம் அதிகமாயிடுச்சாம். சாஞ்சுக்கலாம்னு வந்தா, பின் சீட்டுல வேற ஒருத்தர் குறட்டை விட்டுக்கிட்டிருந்தாராம். போகுதுன்னு முன்னாடி ஏறினாராம்.

"அடேங்கப்பா! முதுகுல மார்கழி மாசமாட்ட இருக்குது!"

தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். முட்டைக்கு முன்னாடி ஒரு கோடு இழுத்துப் பத்தாக்கினார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர்.

வரதன் ஓடி வந்து அவ கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா! இனி அந்தச் சீட்டை யாரும் தொட முடியாது. 'நீங்களே ஓட்டுங்க'ன்னு விளம்பரம் பண்ணுவோம். இன்னும் அஞ்சு லட்சம் ஏத்தினாலும் வாங்குவாங்க."

"வேண்டாம் சார், அதை எடுத்துடலாம்…"

"என்னம்மா சொல்றே? நீ தானே கேட்டே?"

மூணு மாசமா அவ அவருக்குச் சொன்ன காரணமெல்லாத்தையும், அவர் வரி வரியா அவளுக்கே எடுத்துச் சொன்னார். எல்லாம் நியாயமாத் தான் இருந்துச்சு.

சாயங்காலம் வாசலுக்கு செங்கோட்டுவேலோட பழைய டீசல் வண்டி வந்து நின்னுது. காளியண்ணன் இறங்கினார்.

முதலாளி கையை நீட்டினார்.

"சாவியைக் குடு காளி. புது வண்டி வர்றதுக்குள்ள நானே ஓட்டிப் பழகோணும்."

குடுத்தார்.

முதலாளி முன்னாடி ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வச்சார்.

காளியண்ணன் கை தன்னால போய்ப் பின் கதவைத் திறந்தது.

லேசாக் குனிஞ்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

ஏறறதுக்கு யாரும் இல்லை.