காணாமல் போன நாற்பது வரிகள்

பதினெட்டு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள் அவள். அங்கேயும் எல்லாருக்கும் ‘டீச்சர்’தான்.

அவள் வயதில் பாதியே இருக்கும் டீம் லீடு, முதல் நாளே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மெயின் பிராஞ்ச் என்பது எல்லாருக்கும் பொதுவான அசல். அதில் கை வைக்கக் கூடாது. அதிலிருந்து தனக்கென்று ஒரு பிராஞ்ச் பிரித்துக்கொண்டு, அங்கே என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். சரியாக வந்த பிறகு அசலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று காலை டீச்சர் தன் பிராஞ்சில் நாற்பது வரி புரோகிராம் எழுதினாள். ஓட விட்டாள். ஓடியே விட்டது! கமிட் செய்து பத்திரப்படுத்தினாள். கால் தரையில் பாவவில்லை. அசல் எப்படி இருக்கிறதென்று மெயினுக்கு ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிடக் கிளம்பினாள்.

திரும்பி வந்து பார்த்தால், நாற்பதில் ஒரு வரிகூட இல்லை.

சுற்றிலும் ஒரு பார்வை விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் இடத்தைவிட்டு நகராதவர் பக்கத்து சீட்காரர் ஒருவர்தான். இவள் தலை திரும்பினாலே திரையை மூடிவிடுகிற ஆள். எத்தனை பரீட்சை ஹாலில் நின்றவள்! அந்த முழி அவளுக்குத் தெரியாதா?

நேரே போய் அவர் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“எனக்கு எல்லாம் தெரியும். நாலு மணிக்குள்ள நீங்களே போய் ஒத்துக்கிட்டா நல்லது. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

மனிதர் முகம் வெளிறியது. “டீச்சர், வீட்ல குழந்தைங்க இருக்கு…”

“குழந்தைங்க இருக்கிறவர் செய்யற வேலையா இது?”

மூன்றரைக்கே அவர் மேனேஜர் அறையில் விசும்பிக்கொண்டிருந்தார். கம்பெனியின் மொத்த புரோகிராமையும் மூன்று மாதமாகப் போட்டிக் கம்பெனிக்குக் கடத்திவந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். போலீஸ் வந்து அழைத்துப்போனது. ஆபீசே எழுந்து நின்று கைதட்டியது. சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேனேஜர் வியந்து வியந்து கேட்டார்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் கலைந்ததும் லீடிடம், “எல்லாம் சரிம்மா, என் நாற்பது வரியை எங்க ஒளிச்சு வெச்சிருக்காராம்?” என்றாள்.

லீடு குனிந்து அவள் கீபோர்டில் எதையோ தட்டினாள். நாற்பது வரியும் பளிச்சென்று வந்து நின்றன.

“அவர் இதைத் தொடவே இல்ல, டீச்சர். மெயினை எட்டிப் பார்க்கப் போன நீங்கதான், உங்க பிராஞ்சுக்குத் திரும்பி வரவே இல்ல!”