திரைக்கு மேலே யானை

பண்ணைக்காட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லீமா டீச்சர், சேலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, துணி யானையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் கதை சொல்வார். நேற்று மலைப்பாதையில் மண் சரிந்து, பகல் முழுக்க பஸ்ஸிலேயே அடைபட்டுக் கிடந்தார். பொழுது போகாமல் யானையைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, மீதிக் கதையை யார் காதிலும் விழாமல் முணுமுணுத்துப் பார்த்தார்.

இன்று வகுப்புக்குள் நுழைந்ததும், "யானை ஆத்தைத் தாண்டுச்சா, சொல்லவா?" என்றார்.

"அதான் நேத்தே சொல்லிட்டீங்களே டீச்சர்! தாண்டிப் போயி குட்டியக் கண்டுபிடிச்சிருச்சு," என்றாள் செல்லாயி. "நீங்கதான் திரைய விட்டு வெளிய வரவேயில்ல."

பஸ்ஸில் சொன்ன அதே முடிவு. பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். யானை இருந்தது.

"மறைக்காதீங்க டீச்சர், உக்காருங்க."

திரும்பினார். திரைக்கு மேலே ஒரு துதிக்கை மெல்ல எழுந்தது.

லீமா டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.