கூட்டத்துச் சத்தம்

"சார், ஒன்பது பேர் ஆயாச்சு! இன்னும் ஒரே ஒரு ஆள்தான்!"

அவர் பாட்டுக்கு லேப்டாப்பில் மூழ்கியிருந்தார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

"முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? உக்காரு. அங்க இல்ல, இந்தப் பக்கம்."

வலப்பக்க நாற்காலி. யார் வந்தாலும் அதுதான். காதை மூடிய நரைமுடியும் கடுகடுப்புமாக இருக்கும் அந்தத் தலைமைப் புரோகிராமருக்கு அலுவலகத்தில் 'கல்வெட்டு' என்று பெயர். சொன்னதை மாற்ற மாட்டார்.

செவித்துணைக் கருவி செய்யும் கம்பெனி அது. காதில் கருவி, கையில் போன், போனில் அதற்கான ஆப். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சலைக் குறைத்துப் பேச்சை மட்டும் கேட்க வைக்கிற செட்டிங் ஒன்றும் உண்டு. ஆனால் ஆப்பில் அது கண்ணில் படாது. கருவியை லேப்டாப்பில் செருகி, ஒரு ஃபைலைத் திறந்து, நாற்பத்தோராவது வரியில் இருக்கும் எண்ணை மாற்ற வேண்டும். அதை விரலால் நகர்த்தும் ஒரு கோடாக ஸ்கிரீனுக்குக் கொண்டுவர, ஆப்பின் பக்கங்களை வடிவமைக்கும் அவள் எட்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணுங்கிறவன் ஃபைலைத் திறந்து மாத்திக்குவான். கண்ணுல பட்டா எல்லாரும் கை வைப்பாங்க. அப்புறம் காதே கேக்கலைன்னு நம்ம தலையில வந்து விடிவாங்க."

"விருந்துக்குப் போன இடத்துல மடியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டா உக்காருவாங்க? ஒரு அம்மா எழுதியிருக்காங்க சார். 'ஒண்ணும் புரியாது. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிச்சு வைப்பேன்'னு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் பழகிடும்."

"உங்களுக்கென்ன சார், சொல்லிடுவீங்க!"

திங்கட்கிழமை போட்ட ஒப்பந்தம் இது. கம்பெனி முதன்முதலில் செய்த நூறு கருவிகளுக்கு மட்டும் புதிய பக்கத்தை அனுப்பிப் பார்ப்பது. வெள்ளி மாலை ஐந்துக்குள் பத்துப் பேர் அந்தக் கோட்டைத் தொட்டால், பக்கம் எல்லோருக்கும் போகும். ஒன்று குறைந்தாலும் எட்டு மாத உழைப்பும் குப்பைக்கு. இன்று வெள்ளி. மணி நாலரை.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருக்கைக்குப் போனாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், போனைப் பார்த்தாள். ஒன்பது. மறுபடி பார்த்தாள். ஒன்பதேதான்.

நாலே முக்காலுக்குக் கேன்டீனில் கணக்குப் பிரிவுக்காரரின் பிறந்தநாள் கேக். நாற்பது பேர், நாற்பது குரல். நாற்காலி இழுக்கும் சத்தம் வேறு.

"அக்கா, போனைக் கீழ வைங்க. அடைகாத்தாக் குஞ்சு பொரிக்கவா போகுது?" என்றாள் பக்கத்தில் நின்ற ஜூனியர் பெண்.

"பேசாம இருடி. இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு."

மூலையில் கல்வெட்டு தலையைக் குனிந்து, மேசைக்கு அடியில் போனை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்க பாரு, நாலு பேர் கூடுன இடத்துல ஒரு வார்த்தை பேசறாரா? எப்பப் பாரு ஒரு ஓரம்."

"அவர் வந்ததே பெரிசுக்கா."

கணக்குப் பிரிவுக்காரர் கேக்கை வெட்டிவிட்டுச் சொன்னார்: "வயசு என்னன்னு யாரும் கேக்காதீங்க. போன வருஷக் கணக்கே இன்னும் டேலி ஆகல!"

எல்லோருக்கும் முந்திச் சிரித்தது கல்வெட்டுதான். வாய்விட்டுச் சிரித்தார்.

"அய்யய்யோ, இவருக்குப் பல்லு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியும்!" என்றாள் ஜூனியர்.

அவள் காதில் அது விழவில்லை. போனில் எண் மாறியிருந்தது. பத்து!

கேக் தட்டை ஜூனியர் கையில் திணித்துவிட்டு, அவர் அறைக்குத் திரும்பும் வரை வாசலில் கால்மாற்றி நின்றாள். வந்ததும் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பத்து சார்! நாலு அம்பத்திரண்டுக்கே!"

"சரி. எல்லாருக்கும் அனுப்பிடு."

"அவ்வளவுதானா? சண்டை போடுவீங்கன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

"யாரோ ஒருத்தனுக்கு அவசரம்போல. என்ன பண்றது?"

"அந்தப் புண்ணியவான் யாரோ, அவருக்கு முதல்ல நன்றி சொல்லணும் சார்."

பெயர் தெரியாது, ஆனால் கடைசியாகக் கோட்டைத் தொட்டவருக்கு ஆப் வழியாகவே செய்தி அனுப்பலாம். நின்றபடியே தட்டினாள்: 'பத்தாவதாக வந்தவரே, நன்றி. இப்போது பேச்சு புரிகிறதா?'

அனுப்பினாள்.

மேசைமேல் கிடந்த கல்வெட்டின் போன் ஒளிர்ந்தது. 'செவித்துணை எண் 1' என்ற தலைப்புக்குக் கீழே, அவள் இப்போதுதான் தட்டிய வரிகள்.

அவர் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார். "புரியுது," என்றார். "உக்காரும்மா. எந்தப் பக்கம் வேணும்னாலும் உக்காரு."