கதவுக்கு இரண்டு பேர்

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் வரவேற்க ஆள் நிற்கிறதோ இல்லையோ, சர்ச் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க இரண்டு பேர் நிற்பார்கள். தாழ்ப்பாளை மட்டும் நாங்கள் நம்புவதில்லை. "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் உண்டா?" என்று பாதிரியார் கேட்டதும் வெளியே யாரோ கதவைத் தட்டுவார்கள்.

கொள்ளுத்தாத்தா கல்யாணத்தில் ஆரம்பித்தது. அன்று தட்டியவள், அவர் ஏற்கெனவே மோதிரம் போட்டுவிட்டுக் கைவிட்டவள். வீட்டுப் பெரியவர்கள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். கல்யாணம் முடிந்து திறந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அக்கா கல்யாணத்தில் அந்த வேலை சித்தப்பாவுக்கும் எனக்கும் வந்தது. பாதிரியார் கேட்டார். என் தோளுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

"திறந்துதான் பாப்போமே சித்தப்பா."

"திறந்து? அவளுக்கும் ஒரு நாற்காலி போடவா? பேசாம சாஞ்சு நில்லு."

பிறகு முழங்கால் உயரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. சின்னக் கை.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "என் கல்யாணத்துல இது கணுக்கால்கிட்டதான் கேட்டுச்சு. வளருது."

நான் என் புது ஷூவை அந்த இடத்தில் முட்டுக்கொடுத்தேன். பலகைக்கு அந்தப்பக்கம் அந்தக் கை என் ஷூ இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவைத் திறந்தோம். யாரும் இல்லை. சித்தப்பா கோட்டை உதறிக்கொண்டே சொன்னார்: "அடுத்தது உன் கல்யாணம்தான். அதுக்குள்ள கீழயும் ஒரு தாழ்ப்பாள் போட்டுடணும்."

"கனமானதாப் பாத்துப் போடுங்க," என்றேன்.