எதுக்கு ஷாக்கு?

சாயங்காலம் மில்லு விட்டு வீட்டுக்கு வாரீங்க, வீட்டுல கத்தி, அருவாமனையைக்கூடக் காணோம்னா என்ன நினைப்பீங்க?

பாண்டிச்செல்வம் அடுப்படி பூரா தேடிப் பாத்தான். பிள்ளைகளைச் சேத்தூர் ஆச்சி வீட்டுக்கு அனுப்பியாச்சு. பொண்டாட்டி மாரீஸ்வரி எட்ட நின்னே சிரிக்கா. மச்சினன் கண்ணுச்சாமி உள்ள வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

“என்னட்டி இது?”

“ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரில உங்களுக்கு ஷாக் வைக்காகளாமே? அங்க கூட்டிப் பெருக்குற அக்கா சொல்லுச்சு.”

“ஏட்டி, அது மண்டைக்கு இல்ல!”

கண்ணுச்சாமி கிட்ட வந்தான். “பைத்தியத்துக்கு இல்லாம வேற எதுக்கு மச்சான் ஷாக்கு?”

ஆண்மைக் குறைவுக்கு இடுப்புக்குக் கீழ வைக்கிற ஷாக்வேவ் வைத்தியம் அது. பொண்டாட்டிகிட்டயே சொல்லாம மறைச்சது. மச்சினன் முன்னால அதைச் சொல்ல பாண்டிச்செல்வத்துக்கு வெக்கமாப் போச்சு.

“மண்டைக்குத்தான்”னு சொல்லிட்டான்.

மறுநாள் காலையில அவன் கையைக் கயித்தால கட்டி, கார்ல ஏத்தி, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக.