யாரும் போகாதீங்க!

"கேமரா ஓடுது, சொல்லுங்கக்கா" என்றாள் அதிதி. சந்தாபுரா கல்லூரி பாஸ்கெட்பால் அணிக்கு விளம்பர வேலை பார்ப்பவள் அவள்.

அணியின் டி-ஷர்ட், பேனர் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'யாரும் போகாதீங்க!' அதை முதலில் கத்தியவர் கேன்டீன் விஜி அக்கா.

"அன்னிக்கு மேட்ச்ல இருபது பாயின்ட் பின்னாடி இருந்தோம். கூட்டம் எழுந்திடுச்சு. நீங்க கத்தினதும் உட்கார்ந்தாங்க, ஜெயிச்சோம்! நம்ம டீம் மேல அவ்வளவு நம்பிக்கையாக்கா?"

"நம்பிக்கையா? நூறு பேருக்கு பிசிபேளாபாத் செஞ்சு வெச்சிருந்தேன்மா. பாதியில போயிட்டா யார் சாப்பிடுறது?"

அதிதி சிரித்தாள். "அப்போ அண்டா காலியா?"

"எங்க? ஜெயிச்ச குஷியில மொத்தக் கூட்டமும் பிரியாணி சாப்பிட ஆனேக்கல் போயிடுச்சு!"